கோமளாவின் நாற்பத்து நான்கு

சார்,

இன்று காலை சித்தூரில் ஒரு ரப்பர் நாற்றம் என்னை ஒரு மாடியில் இருந்து துரத்திவிட்டது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில், எஸ்.டி.டி. பூத்துக்கு மேல்மாடியில், புதிதாக ஒரு ஜிம் திறந்திருக்கிறார்கள். போன வருடம் வரைக்கும் அது வெல்ல மண்டி. இப்போது நாலு சுவரிலும் கண்ணாடி. பெண்கள் பேட்சுக்கு ஆள் தேவை என்று போர்டு தொங்கியது. சங்கராந்தி லீவில் வீட்டில் சும்மா கிடக்கிறேனே என்று ஏறிப் போனேன். முதலாளி ஒரு டப்பாவைப் பிரித்து, நெஞ்சில் கட்டுகிற பெல்ட் ஒன்றை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"இது இன்னான்னு தெரியுமா உனுக்கு? ஃபாரின் ஐட்டம். இதக் கட்டினா வாட்ச்சுல பல்ஸ் வரும்."

தெரியும் என்று சொல்லாமல் இறங்கி வந்துவிட்டேன்.

நீங்கள் மஸ்கட்டில் இறந்து ஏழு வாரம் ஆகிறது. செத்தவருக்குக் கடிதம் எழுதுவதில் ஒரு வசதி, ஸ்டாம்பு ஒட்ட வேண்டியதில்லை. பாருங்கள், ஆரம்பித்துவிட்டேன். இந்த வாய்க்குத்தானே நீங்கள் 'ரேடியோ' என்று பேர் வைத்தீர்கள். இந்த ஒரு கடிதத்துக்கு மட்டும் அதை அணைத்து வைக்கப் பார்க்கிறேன். முடியுமா தெரியவில்லை.

முதல் நாள் வகுப்பு உங்களுக்கு ஞாபகம் இருந்திருக்காது. எனக்கு இருக்கிறது. திருப்பதியில், மலையைப் பார்த்த அந்தத் தகரக் கொட்டகைக்கு 'உடற்பயிற்சி அறிவியல் துறை' என்று பெயர். ஒரு மரப்பெட்டி, ஒரு எடை மெஷின், பெல்ட் அறுந்த ஒரு சைக்கிள், இவ்வளவுதான் லேப். குண்டு எறிகிற கோட்டாவில் சீட் வாங்கி வந்தவள் நான். என்னை எடை மெஷினில் ஏற்றி, முள் நின்ற எண்ணைச் சத்தமாகப் படித்தீர்கள். பிறகு வகுப்பைப் பார்த்துத் திரும்பி, "ஆற்றல் ரெண்டு வகை. இயக்க ஆற்றல் ஓடும். நிலை ஆற்றல்..." என்று நிறுத்தி, என்னைக் கையால் காட்டி, "இதோ, நிக்குது" என்றீர்கள். தெலுங்கில்தான் சொன்னீர்கள். சிரிப்புக்கு மொழி கிடையாது. முப்பது பேரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். குண்டாக இருப்பவர்கள் மற்றவர்களுக்கு முன்னால் சிரித்துவிட வேண்டும், அது எங்கள் தற்காப்புக் கலை.

ஒன்று ஒப்புக்கொள்கிறேன். நிலை ஆற்றல் என்றால் என்ன என்று எங்கள் வகுப்பில் யாரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இன்றைக்கும் சொல்வார்கள். அதுதான் உங்கள் திறமை. யாராவது ஒருத்தருடைய உடம்பு உங்களுக்குச் சாக்பீஸ். எழுதி முடித்ததும் கையில் ஒட்டிய தூளைத் தட்டிவிட்டுப் போய்விடுவீர்கள்.

அன்று மதியமே குடிதண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் என்னைக் கூப்பிட்டுக் கேட்டீர்கள். "எந்த ஊரு?"

"சித்தூர், சார்."

"அதுக்கு முன்னாடி?"

"நைனா ஊரு பாலசமுத்திரம் தாண்டி, சார். இப்ப மாம்பழக் கூழ் ஃபேக்டரில வேல செஞ்சிக்கினு இருக்காரு."

உங்கள் முகம் தளர்ந்தது. அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்துவிட்டு, "நம்மாளா நீ? துன்னியா?" என்றீர்கள். இத்தனை வருடம் படித்து வாங்கிய தெலுங்கையும் இங்கிலீஷையும் கழற்றி வைத்துவிட்டு ஒரு ஆள் மூச்சுவிடுகிற மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு வகுப்பில் நான் ரேடியோ, குழாயடியில் நம்மாளு. அங்கேதான் சொன்னீர்கள், ஆறு வருடமாகத் தற்காலிக விரிவுரையாளர் என்று. விரிக்கலாம், உரைக்கலாம், உட்காரத்தான் சொந்த நாற்காலி கிடையாது. இந்த வருடம் நிரந்தர வேலைக்கு நேர்காணல் இருக்கிறது, பட்டியலில் உங்கள் பெயர் இரண்டாவது. "இது வந்துட்டா போதும் ரேடியோ. வருசா வருசம் ஆபீஸ் வாசல்ல மனு புடிச்சிக்கினு நிக்கத் தேவல்ல." பக்கத்தில் யாருமே இல்லாதபோது சொன்னீர்கள். சொல்லக் கூடாத ஆளிடம் சொன்னீர்கள்.

தசரா லீவில் நைனாவோடு ஊருக்குப் போனேன். அதற்கு அடுத்த ஊர்தான் உங்களுடையது. நீங்கள் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, உங்கள் அண்ணன் நிலத்தில் கரும்பில் காய்ந்த இலைச் சோகை உரித்துக்கொண்டிருந்தீர்கள். முதுகெல்லாம் கீறல். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்து, சிரித்து, "பாத்தன்னு காலேஜ்ல சொல்லாத, இன்னா?" என்றீர்கள். தலையாட்டினேன். லீவு முடிந்த திங்கட்கிழமை, ஒரு துடைப்பத்தைத் தோளில் வைத்துக்கொண்டு மொத்தக் கொட்டகைக்கும் உங்களை நடித்துக் காட்டினேன். நல்ல கைதட்டல். பல்கலைக்கழகத்தில் பல கலை இருந்தாலும் எனக்கு வந்தது கலாய்க்கிற கலை ஒன்றுதான்.

இப்போது கோமளாவுக்கு வருகிறேன்.

நாடி எண்ணும் வகுப்பில் உங்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. பையன்களுக்கு நீங்களே மணிக்கட்டைப் பிடித்துச் சரிபார்ப்பீர்கள். நாங்கள் பத்துப் பெண்கள். எங்களை ஜோடி ஜோடியாக உட்காரவைத்து, ஒருத்தி நாடியை இன்னொருத்தி எண்ணச் சொல்லி, இரண்டடி தள்ளி ஸ்டாப் வாட்ச்சோடு நிற்பீர்கள். பதினைந்து வினாடி எண்ணி, நாலால் பெருக்க வேண்டும். துறைத் தலைவர் மேடம் போட்ட விதி அது. அவர் போடாவிட்டாலும் நீங்களே போட்டுக்கொண்டிருப்பீர்கள். நம் பக்கத்தில் வாத்தியார் ஒரு பெண்பிள்ளையின் கையைப் பிடித்தால், ஊர் வாத்தியாரின் கழுத்தைப் பிடிக்கும். அதனால் எங்கள் எண்கள் எல்லாம் எங்கள் வாய்ச்சொல்தான். நாங்கள் சொல்வதே கணக்கு.

என் ஜோடி கோமளா. சூளூர்பேட்டைப் பெண். அவள் அப்பா ரயிலில் மீன் கூடை ஏற்றுகிறவர். நெட்டை, ஒல்லி, தூர ஓட்டம் ஓடுவாள், அதிகம் பேச மாட்டாள். அவள் மணிக்கட்டில் விரலை வைத்தேன். பதினைந்து வினாடியில் பதினெட்டு. எல்லோரையும் போல.

"எவ்ளோ?" என்றீர்கள்.

"பதினொண்ணு, சார்."

ஏன் அப்படிச் சொன்னேன்? மதிய வெயில், பசி, எதிரே அந்த எடை மெஷின். வேறு பெரிய காரணம் கிடையாது. உங்கள் உதடு அசைந்தது, இன்ட்டு நாலு. "நாப்பத்தி நாலா? மறுபடி எண்ணு." மறுபடியும் பதினொண்ணு. உங்கள் கை தானாக முன்னால் வந்து, பாதியில் நின்று, பின்னால் போனது. இரண்டடி. பக்கத்து ஜோடியில் இருந்த சுகுணாவை எண்ணச் சொன்னீர்கள். அவள் கோமளாவின் கையைப் பிடித்தபடி என் முகத்தைப் பார்த்தாள். நான் கண்ணைக் காட்டினேன்.

"நாப்பத்தஞ்சு, சார்" என்றாள்.

மாட்டினோம் என்று நினைத்தேன். பதினைந்து வினாடி எண்ணி நாலால் பெருக்கினால் நாற்பத்தைந்து வரவே வராது. நாற்பத்து நாலு வரும், நாற்பத்தெட்டு வரும். அதை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தான். உங்களுக்கு அது உறைக்கவில்லை, சார். அவ்வளவு ஆசை வந்துவிட்டது உங்களுக்கு. மாட்டிக்கொள்ளவில்லை என்பதில் எனக்கு இனிப்புச் சாப்பிட்ட மாதிரி இருந்தது.

மறுநாள் போர்டில் ஒரு பக்கெட்டும் ஒரு சொம்பும் வரைந்தீர்கள். "சொம்புல தண்ணி எடுத்தா தொட்டி ரொம்ப இருபது நடை. பக்கெட்டுல எடுத்தா ரெண்டே நடை. கோமளாவோட இதயம் பக்கெட்டு. அதனாலதான் மெதுவா அடிக்குது." என்ன அழகான விளக்கம்! உலகத்துக்கே பொருந்தும், கோமளாவுக்குத் தவிர. பத்துப் பெண்களும் குனிந்து துப்பட்டாவைக் கடித்துக்கொண்டிருந்தோம். நீங்கள் அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டீர்கள்.

அப்புறம் அந்த எண்ணுக்குக் கால் முளைத்தது. சென்னைக்குப் போய் அவளுக்கு ஷூ வாங்கி வந்தீர்கள். தினம் இரண்டு நாடி, காலை ஒன்று, மாலை ஒன்று, நோட்டுப் புத்தகத்தில் என் கையெழுத்தில். சனிக்கிழமைகளில் எல்லை ஊர்ப் பள்ளிக்கூடங்களுக்கு மரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அறிவியல் பேசுவீர்கள் அல்லவா, அங்கேயும் கோமளாதான் கதாநாயகி. நானும் கூட வருவேன். பிள்ளைகளை அவரவர் மணிக்கட்டில் விரல் வைக்கச் சொல்லி, "உள்ள ஒருத்தன் தட்டிக்கினே இருக்கான், கேக்குதா? வாய் பொய் சொல்லும், அவன் சொல்லமாட்டான்" என்பீர்கள். முழுப் பள்ளிக்கூடமும் மூச்சை அடக்கிக்கொண்டு தன்னைத் தானே கேட்கும். அந்த நேரங்களில் எனக்கே உங்களைப் பிடித்துப்போகும். அது எரிச்சலாக இருக்கும்.

ஒருநாள் குழாயடியில் என்னைக் கேட்டீர்கள். "இவ்ளோ நல்ல இஞ்சின வெச்சிக்கினு இவ ஏன் மூணாவதா வர்றா, ரேடியோ?"

"சோம்பேறி, சார்" என்றேன்.

அன்றிலிருந்து அவளுக்கு ஓட்டத்தை இரண்டு மடங்காக்கினீர்கள். மலைக்குப் போகும் அலிபிரிப் படிகளில் ஏறி இறங்க வைத்தீர்கள். அவளுக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பில் வலி வந்தது. ஹாஸ்டலில் காலை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். "சொல்லிடலாம்டி. என்னால முடியல."

"இன்னும் ஒரு வாரம்டி. ஓபன் டே முடியட்டும். அப்ப சொன்னாத்தான் ஜோரா இருக்கும்."

"உனக்கு ஈவு இரக்கமே இல்லியாடி?"

"இருக்கு. ஆனா மெதுவா அடிக்கும்" என்றேன். அவளே சிரித்துவிட்டாள். என் வாயால் கெட்டவர்கள் எல்லோரும் முதலில் சிரித்தவர்கள்தான்.

ஊர் ஜனம் வந்து துறையைப் பார்க்கிற ஓபன் டே அன்று கொட்டகைக்கு வெளியே ஷாமியானா. ஊர் ஜனம், பள்ளிப் பிள்ளைகள், முன்வரிசையில் மேடம், அவர் பக்கத்தில் நேர்காணல் குழுவில் இருந்த இரண்டு பேர். அமெரிக்காவில் இருந்து லீவில் வந்திருந்த ஒரு பழைய மாணவரும் அவர் மனைவியும். நீங்கள் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. தெலுங்கில் பக்கெட்டும் சொம்பும் சொன்னீர்கள். கூட்டம் சொக்கிப் போனது. முடிவில், "வருடக்கணக்காக ஓடுகிறவர்களுக்கு வரும் இதயம், நம் சூளூர்பேட்டைப் பெண்ணுக்கு இருக்கிறது. நிமிடத்துக்கு நாற்பத்து நாலு" என்றீர்கள். கைதட்டல். அமெரிக்காக்காரர் எழுந்து, "நானே கொண்டுவந்திருக்கேன், போட்டுப் பாத்துடலாமே" என்று பையில் இருந்து நாடி காட்டும் அந்த நெஞ்சு பெல்ட்டை எடுத்தார். உங்கள் முகத்தில் எவ்வளவு சந்தோஷம்! கடைசியில் உங்கள் கைக்குப் பதிலாக ஒரு மெஷின் அவளைத் தொடப்போகிறது.

அவர் மனைவி திரைக்குப் பின்னால் கட்டிவிட்டு வந்தார். வாட்ச்சைப் பார்த்து அவர் மைக்கில் படித்தார். தொண்ணூற்றாறு.

"பயந்துக்கினு இருக்கா. கொஞ்சம் உக்காரட்டும்" என்றீர்கள், பதற்றத்தில் தமிழில்.

எண்பத்து நாலு. எழுபத்தொன்பது. மூன்று நிமிடம் கழித்து எழுபத்து நாலு. அங்கேயே நின்றுவிட்டது. "பெல்ட்ட நனைச்சீங்களா? காஞ்சிருந்தா தப்பா காட்டும்" என்று கேட்டீர்கள். நனைத்தோம் என்றார் அவர் மனைவி. பின்வரிசைப் பையன் ஒருவன், "சார், பக்கெட்டு ஓட்டை" என்று கத்தினான். ஷாமியானாவே சிரித்தது. நீங்கள் மெதுவாகத் திரும்பி எங்கள் வரிசையைப் பார்த்தீர்கள். எட்டுப் பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தேன். முப்பது பேர் சிரித்த அந்த முதல் நாளுக்கு, முந்நூறு பேர். இதுவரை நடந்தது குறும்பு என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்வேன். மறுநாள் நடந்ததற்கு அந்தப் பெயர் வராது.

மேடம் அறையில் நீங்கள், நான், மேசைமேல் என் கையெழுத்து நோட்டு. கோமளா காய்ச்சல் என்று ஊருக்குப் போய்விட்டாள். மேடம் என்னைக் கேட்டார். "நிஜம் செப்பு. இந்த நம்பரெல்லாம் யாரோடது?"

ஒரே வார்த்தை போதும், சார். 'என்னோடது.' விளையாட்டுக்குச் செய்தேன் என்றால் ஒரு மாதம் சஸ்பெண்ட் செய்திருப்பார்கள், நைனா பெல்ட்டைக் கழற்றியிருப்பார். உங்கள் பெயர் பட்டியலில் நின்றிருக்கும்.

"சார் சொன்னத எழுதினேன், மேடம்" என்றேன்.

நீங்கள் கோபப்படவில்லை. நம் பேச்சில், மேடத்துக்குப் புரியாத பேச்சில், "இன்னா ரேடியோ சொல்ற?" என்று கேட்டீர்கள், ஏதோ எனக்குத்தான் அடிபட்டுவிட்டது போல. நான் ஜன்னலைப் பார்த்தேன். அப்போதுதான் நீங்கள் அதைச் செய்தீர்கள். மேடத்திடம் திரும்பி, "ஒரே ஒரு நிமிஷம் அனுமதி குடுங்க. இவ கையப் புடிச்சி நாடிய எண்றேன். பொய்யா நிஜமான்னு உங்க முன்னாலயே தெரிஞ்சிடும்" என்றீர்கள். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொன்னதை நீங்கள் மெய்யாகவே நம்பியிருக்கிறீர்கள்! அது கூட்டத்துக்காகச் சொன்னதில்லை என்று அந்த நொடியில்தான் எனக்குத் தெரிந்தது.

நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவ்வளவுதான் செய்தேன்.

மேடம் நாற்காலியில் இருந்து எழுந்துவிட்டார். "என்ன கேக்கறீங்கன்னு தெரிஞ்சுதான் கேக்கறீங்களா?" என் கைகளைப் பார்த்தார், உங்கள் கையைப் பார்த்தார். சாயங்காலத்துக்குள் எண் விவகாரம் எல்லோருக்கும் மறந்துபோனது. உடற்பயிற்சி சார் மேடம் முன்னாலேயே ஒரு பெண் கையைப் பிடிக்கப் போனாராம். திருப்பதியில் இருந்து உங்கள் ஊருக்கு அந்தப் பேச்சு எந்த பஸ்ஸில் போனதோ, உங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டது.

பட்டியலில் உங்கள் பெயரை அடித்தார்கள். ஏப்ரலில் தற்காலிக வேலைக்கான மனுவும் வாங்கவில்லை. சென்னையில் ஏஜெண்டைப் பிடித்து மஸ்கட்டில் ஒரு ஹோட்டல் ஜிம்முக்குப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். கடைசியாக உங்களைத் திருப்பதி பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன், கையில் சூட்கேஸ். நான் வேகமாக ஒரு பூக்கடைக்குப் பின்னால் போய் நின்றேன். நீங்கள் நேராக அங்கே வந்தீர்கள். "நிலை ஆற்றல்னு உன்னச் சொன்னன் இல்ல? தப்பு. நல்லாத்தான் ஓடுற" என்றீர்கள். பஸ் ஏறிவிட்டீர்கள். எவ்வளவு கச்சிதமான அடி! அன்றிலிருந்து இரண்டு நாள் உங்களை வெறுத்தேன். அந்த வெறுப்பு சௌகரியமாக இருந்தது.

வேன் கவிழ்ந்து நீங்கள் இறந்த செய்தி நவம்பர் கடைசியில் வந்தது. உங்களைப் பெட்டியில் கொண்டுவர மூன்று வாரம் ஆனதாம். செய்தி வந்த மறுநாள் நடந்ததை எல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு மேடத்திடம் போனேன். படித்தார். ஃபைலை எடுத்து எனக்கே காட்டினார். அதில் உங்களைப் பற்றி இரண்டே வரி. தவறான புள்ளிவிவரம். மாணவியின் கையைப் பிடிக்க முற்பட்டது. என் தாளை அதில் சேர்க்கவில்லை.

"மனுஷனே போயாச்சு. இதனால உன் சர்டிபிகேட் கெடறதத் தவிர யாருக்கு என்ன லாபம்? அவ்வளவு உறுத்துதுன்னா அவங்க வீட்டுல போய்ச் சொல்லு" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார். கிண்டலாகத்தான் சொன்னார். கிண்டல் யாருக்குப் புரியாவிட்டாலும் எனக்குப் புரியும். இருந்தும் போன ஞாயிற்றுக்கிழமை போனேன்.

உங்கள் அம்மா வாசலில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்கள். சாரிடம் படித்தவள் என்றேன். அவ்வளவுதான், எழுந்துவிட்டார்கள்.

"எம்புள்ளகிட்ட படிச்ச பொண்ணா? குந்து, குந்து. பஸ்ஸுலயா வந்த? துன்னுட்டுத்தான் போவணும்."

வேண்டாம் என்றால் கேட்கவில்லை. களியும் வேர்க்கடலைச் சட்னியும் வந்தது. சொல்லிவிட்டுச் சாப்பிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவர்கள் முந்திக்கொண்டார்கள்.

"ஏம்மா, நீ அங்கதான இருந்த? எம்புள்ள பொண்ணு கையப் புடிப்பானா? நீயே சொல்லு."

"இல்லம்மா. சார் அப்டி இல்ல."

"அந்தச் சிறுக்கி யாரு பெத்ததோ. அவ கை வெளங்காமப் போவ. அவ நாக்கு அழுவிப் போவ. எம்புள்ள பொட்டியில வந்தான், மூஞ்சியக்கூடத் தெறக்க உடல. அவ பெத்தவ வவுறு எரியணும் எனுக்கு எரியற மாதிரி. இன்னாம்மா நிறுத்திட்ட? துன்னு. இன்னும் கொஞ்சம் சட்னி போடட்டுமா?"

ஒரு வாய் சாபம், ஒரு கை சட்னி. நான் உருண்டை உருட்டி விழுங்கிக்கொண்டே இருந்தேன். எனக்கு உபசாரமும் எனக்குச் சாபமும் ஒரே வாயில் இருந்து, இரண்டும் குறைவில்லாமல் வந்தது. வாழ்நாள் முழுக்க நான் கட்டிய எந்தக் குறும்பும் இவ்வளவு நேர்த்தியாக இல்லை. அவர்கள் மூன்றாவது முறை "துன்னு" என்றபோது சொல்லிவிட்டேன்.

"அந்தப் பொண்ணு நான்தாம்மா. அவரு கையப் புடிக்கல. நான் பொய் சொன்னேன், அத நிரூபிக்கத்தான் கேட்டாரு."

அவர்கள் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. என்னைத் தலையில் இருந்து கால் வரை பார்த்தார்கள். திட்டுவார்கள், அடிப்பார்கள் என்று காத்திருந்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். குனிந்து என் முன்னால் இருந்த தட்டை எடுத்தார்கள். பாதிக் களி அதில் இருந்தது. எடுத்துக்கொண்டு உள்ளே போனார்கள். கதவைச் சாத்தவில்லை. திரும்பி வரவும் இல்லை.

எச்சில் கையோடு உட்கார்ந்திருந்தேன். முற்றத்தில் தண்ணீர்த் தொட்டி இருந்தது, சொம்பு கவிழ்த்து வைத்திருந்தது. யாரும் கை கழுவச் சொல்லவில்லை. அந்த வீட்டுத் தண்ணீரை நானாக எடுக்க முடியவில்லை. வெகுநேரம் கழித்து எழுந்து ரோட்டுக்கு வந்தேன். சித்தூர் பஸ்ஸில் டிக்கெட்டை இடது கையால் வாங்கினேன்.

"இன்னாம்மா, சாப்ட்ட கைய கழுவாமலே ஏறிட்ட? யாராவது தொரத்தினாங்களா?" என்றார் கண்டக்டர். பக்கத்து சீட்டுக்காரர் சிரித்தார். இப்படிக் கேட்கிறவர்களுக்கு என்னிடம் எப்போதும் பத்துப் பதில் இருக்கும். அன்று கையைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டேன்.

களி காய்ந்தால் சிமெண்ட், சார், உங்களுக்குத் தெரிந்திருக்கும். சித்தூர் வந்து சேர்வதற்குள் விரல்கள் மடங்கவில்லை. பஸ் ஸ்டாண்ட் குழாயில் ஊறவைத்து ஊறவைத்து எடுத்தேன். கை சுத்தமாகிவிட்டது. மேடத்தின் ஃபைலில் அந்த இரண்டு வரி அப்படியே இருக்கிறது. லீவு முடிந்ததும் அந்தத் தாளோடு மேடத்துக்கு மேலே உள்ள அடுத்த மேசைக்குப் போவேன், அவர்களும் திருப்பித் தருவார்கள் என்று தெரிந்தே போவேன்.

உங்கள் அம்மாவின் சாபம் இத்தனை நாள் ஆள் தெரியாமல் அலைந்துகொண்டிருந்தது. நான்தான் போய் விலாசம் கொடுத்தேன். அதைத் திருப்பி எடுத்துக்கொண்டேன் என்று அவர்கள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. என்னிடம்தான் இருக்கிறது, சார்.